தங்கமயிலின் தூக்குவாளி

தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் பதினெட்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான். பெயர் ஞானராஜ். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று சொல்வார்கள். சொல்லட்டும். நாற்பது பேரை வேலை வாங்குகிறவன் எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் தோல் பதமாகாது, அழுகத்தான் செய்யும். அப்படிப்பட்ட என்னையும் ஏழு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வைத்தாள் ஒருத்தி. அவள் தங்கமயில். எங்களிடம் பட்டை இடித்த பெண்.

எங்கள் தொழிலை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பச்சைத் தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதம் செய்வோம். பட்டை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக ரயிலில் வரும். பெண்கள் அதை உரலில் இடித்துத் தூளாக்கி, கூடையில் அள்ளி வந்து தொட்டியில் கொட்டுவார்கள். தண்ணீர் நீர்த்துப்போனால் தோல் நடுவில் பச்சையாகவே நின்றுவிடும். காட்டம் கூடினால் மேல்பக்கம் முறுகி, வளைத்தால் வெடிக்கும். ஒவ்வொரு மூட்டைப் பட்டையும் ஒவ்வொரு ரகம் என்பதால், இத்தனை கூடை என்று எழுதி வைத்துக்கொள்ள முடியாது. காட்டத்தை அளந்து பார்ப்பதற்குச் சீமையிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய இரண்டாம் வருஷம் அது கைதவறி உடைந்தது. வேறு ஒன்று வாங்கக் கப்பல் வர வேண்டுமே. அதன் பிறகு வெயிலுமுத்துவின் நாக்கை நம்பித்தான் ஷாப்பு நடந்தது.

வெயிலுமுத்து தங்கமயிலின் புருஷன். காலையில் தொட்டி தொட்டியாகப் போய், சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைப்பான். கண்ணை மூடுவான். துப்பிவிட்டு, "நாலு கூட" என்பான். நாலு கூடை என்றால் நாலு கூடைதான். மூன்றரை போட்டாலும் தோல் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேலைக்காக அவனுக்கு மற்றவர்களைவிட இரண்டு பங்கு கூலியும், காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு கோலியும் முதலாளி கொடுத்திருந்தார். கோலி என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தாராவியில் அன்றைக்கு அதுவே பெரிய காரியம். அதில் புருஷன், பெண்சாதி, ஆறு வயசு மகள் பூமாரி, மூன்று பேரும் நிம்மதியாக இருந்தார்கள்.

நாக்கை விற்றுப் பிழைக்கிறவன் நாக்கைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். வெற்றிலை கூடாது, பீடி கூடாது. சர்க்கரை போட்ட டீ பொழுது சாய்கிற வரை வாயில் படக்கூடாது. நாங்கள் எல்லாரும் மணிக்கு ஒரு தரம் வாசலில் போய் டீ குடித்துவிட்டு வருவோம். அவன் என்ன குடிப்பான்? அந்தக் கவலையைத் தங்கமயில் எடுத்துக்கொண்டாள்.

பட்டை மூட்டையைப் பிரித்தால், பட்டையோடு பட்டையாகக் காய்ந்த ஆவாரம்பூவும் கொஞ்சம் கிடக்கும். மற்றப் பெண்கள் அதைக் குப்பை என்று ஊதித் தள்ளுவார்கள். இவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். வெந்நீரில் போட்டால் தண்ணீர் மஞ்சளாக மாறும். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கினால் உடம்புச் சூடு தணிவதைக் கண்ணெரிச்சல் குறைவதிலேயே தெரிந்துகொள்ளலாம். கோலி வாசலில் ஐந்தாறு மண்ணெண்ணெய்த் தகரங்களில் மண் போட்டுத் துளசியும் கற்பூரவள்ளியும் வளர்த்தாள். ஒரு தகரத்தில் நீள நீளமான புல் ஒன்று. பக்கத்துச் சால் வரிசை வீட்டில் இருந்த மராத்திக்காரி கொடுத்தது. எலுமிச்சை வாசம் அடிக்கும். அவர்கள் அதைக் கவ்தி சஹா என்று சொல்லி டீயில் போடுவார்கள். இவள் டீயை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். ரயில் பாதை ஓரத்து வேலியில் ஆடாதோடை இருந்தது. பட்டைத் தூசியால் இருமுகிற பெண்களுக்கு அந்த இலையை ஒடித்து வந்து கொதிக்க வைத்துக் கொடுப்பாள். அந்தக் கசப்பை விழுங்க முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் மறுநாளும் வந்து கேட்பார்கள்.

எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுக் காய்ச்சுகிற ஆள் இல்லை அவள். சுக்கையும் மல்லியையும் வறுத்துத் தட்டிக் கொதிக்க விடுவாள். துளசி என்றால் தண்ணீரை இறக்கி வைத்து, கொதி அடங்கிய பிறகு இலையைப் போட்டு மூடிவிடுவாள். ஒரு நாள் நான் விசாரித்தேன்.

"எலயக் கொதிக்க விட்டா வாசம் பூராவும் கூரைக்குப் போயிரும் அண்ணாச்சி. பொறவு தண்ணியில என்ன நிக்கும்?" என்றாள்.

மத்தியானம் சங்கு ஊதியதும், ஈயம் பூசிய பித்தளைத் தூக்குவாளியோடு தொட்டிப் பக்கம் வருவாள். புருஷனுக்கு ஒரு தம்ளர், தனக்கு ஒரு தம்ளர். கொஞ்ச நாளில் எனக்கும் ஒன்று. அது வந்த கதை வேறு. நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவன் நான். நெஞ்செரிச்சல் என்னை விட்டுப் போனதே இல்லை. நான் விடுகிற ஏப்பத்தில் தொட்டித் தண்ணீர் அலையடிக்கிறது என்று பெண்கள் என் காது படவே கேலி செய்வார்கள். சர்க்கரை ரேஷனில் போனதும் டீயும் வாயில் வைக்க விளங்காமல் போயிற்று. ஒரு நாள் இவள் சீரகமும் ஓமமும் போட்ட தண்ணீரை என் முன்னால் வைத்தாள்.

"நான் என்ன சீக்காளியா? மருந்து குடிக்கச் சொல்லுதியோ?" என்று சீறினேன்.

"மருந்துன்னா டாக்டர்ட்ட போங்க. இது தாகத்துக்குத்தான். குடிச்ச பொறவு கூடக் கொஞ்சம் நல்லது செஞ்சா, வேண்டாம்னா சொல்லப் போறிய?" என்றாள்.

குடித்தேன். ஒரு வாரத்தில் ஆறு டீ இரண்டாயிற்று. ஏப்பமும் அடங்கியது. பெண்களுக்குத்தான் கேலி செய்ய ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜூலை மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வெயிலுமுத்து காய்ச்சலில் விழுந்தான். பன்னிரண்டு நாள் எழுந்திருக்கவில்லை; தொட்டிகளுக்குப் புதுப் பட்டை போடாமல் காத்திருந்தோம். தங்கமயில் டாக்டரைக் கூட்டி வந்தாள், மாத்திரை வாங்கினாள், கஞ்சி ஊற்றினாள். பதின்மூன்றாம் நாள் எலும்பும் தோலுமாக வேலைக்கு வந்துவிட்டான். வழக்கம் போலச் சுண்டுவிரலை நனைத்தான், கண்ணை மூடினான், "ரெண்டு கூட" என்றான். இரண்டு கூடை போட்டோம்.

அது கடைசிக் கூடைக்குக் காத்திருந்த தொட்டி; நாலாம் நாள் தோலை எடுத்து ஓரத்தை வெட்டிப் பார்த்தேன். நடுவில் வெள்ளைக் கோடு. ஒரு தொட்டி ஆட்டுத்தோல் முழுக்கப் பாழ். பட்டாளத்துக்குப் போக வேண்டிய சரக்கு. முதலாளி நேரில் வந்து பார்த்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தொட்டி இப்படிப் போச்சுன்னா ஆள மாத்திரு ஞானராஜ். புதுசா வர்றவனுக்குக் கோலி வேணும்" என்றார். அவ்வளவுதான். அந்த மழையில் ஒரு குடும்பம் தெருவுக்கு வருவதற்கு அந்த இரண்டு வாக்கியம் போதும்.

நான் வெயிலுமுத்துவைப் பிடித்துக் கேட்டேன். "பட்ட மோசம் அண்ணாச்சி. நனஞ்ச மூட்ட. நாக்குக்கு ஒரு கொறயுமில்ல" என்று அடித்துச் சொன்னான். நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் தங்கமயில் தூக்குவாளியோடு வந்தாள். மூன்று தம்ளரில் ஊற்றினாள். நான் ஒரு வாய் குடித்தேன். வெந்நீர். வெறும் வெந்நீர், இலையும் இல்லை, பூவும் இல்லை. என்ன இது என்று கேட்க வாயெடுப்பதற்குள் வெயிலுமுத்து சொன்னான்:

"இன்னிக்குத் துளசி நல்லா எறங்கிருக்கு, என்ன அண்ணாச்சி?"

நான் தங்கமயிலைப் பார்த்தேன். அவள் புருஷனின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினாள். பேசாதீர்கள் என்று அர்த்தம். "ஆமா, நல்லா எறங்கிருக்கு" என்றேன்.

சாயங்காலம் உரலடிக்குப் போனேன். அவள் உலக்கையை நிறுத்தவில்லை.

"என்ன வெளையாட்டு இது?" என்றேன்.

"வெளையாட்டில்ல அண்ணாச்சி. காச்சலோட அவியளுக்கு நாக்கும் போச்சு, மூக்கும் போச்சு. நேத்து சுக்க மூணு பங்கு அள்ளிப் போட்டேன். கண்ணுல தண்ணி வந்திருக்கணும். பச்சத்தண்ணி மாதிரி குடிச்சிட்டு, நல்லாருக்குன்னாவ. அதான் இன்னிக்கு ஒண்ணுமே போடாமப் பாத்தேன்."

"அவன்ட்டயே கேட்டுர வேண்டியதுதான?"

"எதுக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் தல நிமிந்து நடக்காவ. அதையும் எடுத்துட்டா அவியட்ட என்ன இருக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வேலையும் சேர்ந்து போகுமே. அதைச் சொன்னேன். அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகத்துத் தூசியைத் துடைத்தாள்.

"பத்து வருசமா இந்தத் தூசியத் தின்னுதேன். அவிய வெத்தல தொடலன்னா நானும் தொடல. அவிய குடிக்கதத்தான் நானும் குடிக்கேன். பட்டத் தண்ணி காட்டம் எனக்குத் தெரியாதா? தொட்டியில கூடையக் கொட்டுதது நான்தான். அவிய ஒரு எண்ணம் சொல்லட்டும். நான் தொட்டுப் பாத்து எது சரியோ அதக் கொட்டுதேன். ஒரே ஒரு தொட்டி விட்டுப் பாருங்க. கெட்டுப் போச்சுன்னா நானே கோலியக் காலி பண்ணிட்டுப் போயிருதேன்."

பெண் பிள்ளை நாக்கை நம்பி ஷாப்பு நடக்கிறது என்று தெரிந்தால் முதலாளி என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார். தெரிந்தேதான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை வெயிலுமுத்து கண்ணை மூடி, "அஞ்சு கூட" என்றான். அவன் அடுத்த தொட்டிக்குத் திரும்பியதும் தங்கமயில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மூன்று கூடை கொட்டினாள். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்தத் தொட்டிக்கு இருபது நாள் ஆயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ எப்போதும் போலத் தூக்குவாளியோடு வருவாள், போவாள். "கவ்தி புல்லுத் தண்ணி. மனசு படபடப்புக்கு நல்லது, குடிங்க" என்று என்னையே கிண்டல் செய்வாள். இருபத்தோராம் நாள் தோலை வெட்டிப் பார்த்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நிறம். அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை. ஷாப்பில் எல்லாரும் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள்.

அப்படியே ஓடியது. சனிக்கிழமை தோறும் மட்டும் தூக்குவாளியில் வெறும் வெந்நீர் வரும். அவனுக்கு நாக்கு திரும்பிவிட்டதா என்று பார்க்கிற சோதனை. அந்த மனுஷனும் ஒரு வாரம் கூட விடாமல் பாராட்டுவான். ஒரு சனிக்கிழமை "சுக்கு தூக்கலா இருக்கு" என்பான். இன்னொரு சனிக்கிழமை "கற்பூரவள்ளியா? தொண்டைக்கு எதமா இருக்கு" என்பான். பம்பாயிலேயே வெறும் வெந்நீருக்கு இத்தனை புகழ்ச்சி கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிப்பும் வரும், கோபமும் வரும். இரண்டையும் வெந்நீரோடு சேர்த்து விழுங்குவேன்.

நவம்பரில் ஒரு நாள், பட்டைக் கிடங்குக்குப் பின்னால் போனேன். வெயிலுமுத்து தனியாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கையில் பச்சை மிளகாய். கடித்தான். மென்றான். வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு மிச்சத்தையும் வாயில் போட்டு மென்றான். கண்ணில் நீர் வந்தது. அது உறைப்பினால் வந்ததில்லை என்று எனக்குத் தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

இதில் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. சனிக்கிழமை தவிர மற்ற ஆறு நாளும் தங்கமயில் முன்னைவிடப் பக்குவமாகச் செய்தாள். பூவைத் தூசி தட்டிப் போடுவதும், மல்லியை நிறம் மாறாமல் வறுப்பதும், இலையைப் போட்டு மூடி வைத்துக் காத்திருப்பதும், எதிலும் ஒரு குறை இல்லை. குளிர் தொடங்கியதும் சுக்கோடு இரண்டு மிளகு சேர்த்தாள்.

"ருசி தெரியாதவனுக்கு எதுக்குளா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டே விட்டேன்.

"நாக்குக்குத்தான் தெரியாது அண்ணாச்சி. தொண்டைக்கும் வயித்துக்கும் தெரியுமில்லா?" என்றாள்.

உண்மைதான். காய்ச்சலில் வற்றிப்போன ஆள் தேறிக்கொண்டு வந்தான். இருமல் நின்றது. பசி எடுத்தது. படுத்தால் விடிகிற வரை தூங்குகிறான் என்றாள். நாக்கு ஒன்றுதான் பாக்கி.

நாற்பத்து நான்கு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வெயில் தொடங்கியிருந்தது. சங்கு ஊதியதும் தங்கமயில் வந்தாள். மூன்று தம்ளரிலும் ஊற்றினாள். நான் இந்த வாரம் எந்த மூலிகைக்குப் பாராட்டு கிடைக்கப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலுமுத்து ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். தம்ளருக்குள் பார்த்தான். இன்னொரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தான். பிறகு விழுங்கினான்.

"ஏளா, என்ன இது? வெறும் வெந்நியில்லா ஊத்திருக்க? தூக்குவாளி ஈயம் தேஞ்சு பித்தள வாடதான் அடிக்கி" என்றான்.

தங்கமயில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் மூக்கு விடைத்தது. மேஸ்திரி தொட்டியடியில் நின்று அழுதான் என்று பேர் வரக்கூடாதே என்று, தூணைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"இதுக்கு எதுக்கு அழுக?" என்றான் வெயிலுமுத்து. "போன சனிக்கெழமயும் வெந்நிதான ஊத்துன?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மொத வாரந்தான் ஏமாந்தேன். பூவோ எலையோ போட்டா தண்ணி நெறம் மாறாதா? எனக்கு நாக்குதான போச்சு, கண்ணா போச்சு?"

"தெரிஞ்சிக்கிட்டா அவ்வளவும் சொன்னிய? சுக்கு, கற்பூரவள்ளின்னு?"

"கூடையும் தெரியும். நான் அஞ்சும்பேன், நீ மூணு கொட்டுவ. திரும்பி நின்னா காது கேக்காதா எனக்கு? நீ கொட்டுததத்தான் நாளும் எண்ணிக்கிட்டிருந்தேன். நீ இருக்கன்னுதான் தைரியமா வாய்க்கு வந்த எண்ணத்தச் சொன்னேன்." தம்ளரைக் கையில் உருட்டினான். "எனக்காக நீ இம்புட்டுப் பொய்யத் தூக்கிச் சொமக்க. நான் அதக் கீழ போட்டு ஒடைக்கலாமா?"

ஏழு மாதமாக இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான்தான் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். இதில் மடையன் நான் ஒருவன்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

தங்கமயில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தம்ளரக் குடுங்க. ஆவாரம்பூ எடுத்து வச்சிருக்கேன். ஒரு நொடியில போட்டுக் கொண்டாரேன்" என்று கை நீட்டினாள்.

அவன் தம்ளரைக் கொடுக்கவில்லை. மிச்சம் இருந்ததை நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"பூவு நாளைக்குப் போடு" என்றான். "ஏழு மாசத்துக்குப் பொறவு வெந்நி ருசி தெரியுது. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அவள் ஊற்றினாள். நானும் என் தம்ளரை நீட்டினேன்.